சுத்தமான முறையில் விரால்

9 அக்டோபர் 1978, திங்கள்

காலையில் முதல் கிராக்கி ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தான். பெயர் வேடியப்பன். தறிக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவன் நீட்டிய மல டப்பாவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே கொக்கிப்புழு முட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் நிற்கும் கூட்டம் மாதிரி இருந்தது. வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறுகிற புழு.

"செருப்பு போட்டு நடக்கறியா?" என்று கேட்டேன்.

"ஆங், போடறேங்க."

"எப்பவுமா?"

"எப்பவும் போடறேங்க."

குதிகால் வெடிப்பு முழுக்கச் சேறு காய்ந்து கிடக்கிறது! பதினெட்டு வருடமாக இந்தத் திருத்தணி பஜார் தெருவில் லேப் வைத்திருக்கிறேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "அப்ப இந்தப் புழு மலை மேலேருந்து படி எண்ணிக்கினு எறங்கி வந்து உன் வயித்துல பூந்துச்சா?" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நன்றாக வேண்டும்.

வீட்டிலும் நிலைமை சுகமில்லை. அம்சாவுக்கு மூன்று நாளாக இளைப்பு. மேகம் கறுத்தாலே அவளுக்கு நெஞ்சு கட்டிவிடும். கல்யாணம் ஆகும்வரை அம்மையார்குப்பத்தில் தறிவீட்டுப் பஞ்சுத் தூசியைத் தின்று வளர்ந்தவள். எனக்கு மனைவியாகி இருபது வருடம் ஆகியும் அந்தத் தூசி போகவில்லை.

12 அக்டோபர், வியாழன்

மச்சினன் நாகராஜன் வந்திருந்தான். அக்காவின் இளைப்புக்கு வழி கண்டுபிடித்துவிட்டானாம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெருமாள் என்று ஒருவர் வருகிறாராம். புரட்டாசி கழிந்த முதல் ஞாயிறு, அம்மையார்குப்பத்தில் மருந்து கொடுப்பாராம். மருந்து என்னவென்றால், விரல் நீள விரால் குஞ்சு. அதன் வாயில் மஞ்சள் களிம்பை அடைத்து உயிரோடு தொண்டைக்குள் விடுவார். மென்றால் பலிக்காது. நெருப்பு காட்டினாலும் பலிக்காது.

"மீனு உள்ள நீஞ்சிக்கினே போய் நெஞ்சுச் சளிய அறுத்துடும் பாவா" என்றான்.

"மீன் போறது வயித்துக்குடா. சளி இருக்கறது நுரையீரல்ல. உள்ள போய் யாரையாவது வழி கேக்குமா?"

அவனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன்! பெருமாளின் களிம்பில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனான். பரிசோதித்தேன். மஞ்சள், பெருங்காயம், வெல்லம். ரசத்துக்கு மிச்சப்பட்டதைக் கொண்டுவந்து விற்கிறார்கள்.

15 அக்டோபர், ஞாயிறு

அம்சா இன்று பிடிவாதமாக இருந்தாள். சத்தமே போடாமல் கேட்டாள், அதுதான் தொல்லை.

"டாக்டர் பரசுராமன் மாத்திரை ஆறு வருசமா முழுங்கிக்கினு இருக்கேன். நீங்களும் என் சளிய கண்ணாடியில வச்சி வச்சிப் பாக்கறீங்க. பாத்து இன்னா ஆச்சி? ஒரு தடவ அதையும் செஞ்சி பாக்கலாங்க."

அந்த ஊர் ஏரியில் எருமை குளிக்கிறது, சாயத்தண்ணீர் கலக்கிறது, கரையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எழுகிறார்கள். அதில் பிடித்த குஞ்சை உயிரோடு விழுங்குவதா? என் பெண்டாட்டியா? ஊரில் தெரிந்தால் லேப்புக்குப் பூட்டுத்தான்.

18 அக்டோபர், புதன்

யோசித்தேன். ஒரு வழி இருக்கிறது.

அவர்கள் கேட்பது என்ன? மீன் உள்ளே போக வேண்டும், நெருப்பு படக்கூடாது. சரி. புளிப்பில் ஊறினால் புரதம் இறுகும், சதை வெளுக்கும். முட்டை வேகும்போது நடப்பதும் இதேதான். எலுமிச்சம்பழச் சாற்றில் எந்தக் கிருமி பிழைக்கும்? உப்பும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். ஏரிக்குஞ்சு வேண்டாம். ஸ்டேஷன் பக்கம் கெங்கம்மாள் விற்கிற ஆந்திரா விரால் ரயிலேறி, தகர டின்னில் தண்ணீரோடு, உயிரோடு வருகிறது. முழங்கை நீளம், பார்க்கவே ஆரோக்கியமான மீன்.

நெருப்பில்லாமல் சமைக்கப் போகிறேன். மூடத்தனத்துக்குக்கூட ஒரு விஞ்ஞானி கை வைத்தால்தான் சுத்தம் வருகிறது.

22 அக்டோபர், ஞாயிறு

புரட்டாசி முடிந்துவிட்டது. ஒரு மாதம் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி ஊரே மீன் கூடையைச் சூழ்ந்து நிற்கிறது. கெங்கம்மாள் டின்னுக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கினாள். வால் அடித்ததில் என் சட்டையெல்லாம் தண்ணீர். "வாத்தியாரே, இத மாதிரி மீனு நம்ம ஏரியில கெடைக்குமா?" என்றாள். கிடைக்காதுதான். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரே கருத்து. அவளுக்கு நான் ஏன் வாத்தியார் என்பது மட்டும் விளங்கவில்லை.

நானே அறுத்தேன். முள் நீக்கி, சுண்டுவிரல் நகம் அளவு பன்னிரண்டு துண்டுகள். ஆறு எலுமிச்சம்பழம், ஒரு பிடி உப்பு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம். சதை வெள்ளைவெளேர் என்று ஆனது.

"வெந்துட்டுது பாரு" என்று அம்சாவிடம் காட்டினேன்.

"உசுரோட இல்லாட்டி பலிக்காதுன்னாங்களே."

"பலிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. உன் மனசுக்காகத்தான் இதுவே."

பெருமாளின் களிம்பைத் தொட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பன்னிரண்டும். என் கையால் கொடுத்ததில் அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

24 அக்டோபர், செவ்வாய்

அம்சாவுக்கு வாந்தி, லேசான காய்ச்சல், மேல்வயிற்றில் வலி. தீபாவளி வருவதற்குள் நாகராஜன் வீட்டு அதிரசம் வந்துவிட்டது. அந்த எண்ணெய்க்கு யானைக்கே வயிறு கலங்கும்.

27 அக்டோபர், வெள்ளி

தேறிவிட்டாள். நாகராஜன் வந்தான். ஞாயிறன்று அங்கே நூற்றி நாற்பது பேர் குஞ்சு விழுங்கினார்களாம். நூற்றி நாற்பது முட்டாள்கள் ஒரே தெருவில்! வயதான ஒருவருக்குக் குஞ்சு தொண்டையில் சிக்கி முதுகில் குத்தி இறக்கினார்களாம்.

நான் செய்த விதத்தைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டான்.

"பாவா, இத எழுதிக் குடுங்க. எங்க ஊர்ல நெறைய பேரு உசுரு மீனுக்கு அருவருத்துக்கினு பட்டினியா திரும்பிப் போனாங்க."

லேப் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். 'சுத்தமான முறை' என்று தலைப்பு. ஆந்திரா விரால், பெரியது. முள் நீக்கிச் சிறு துண்டாக்கவும். எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, ஒரு மணி நேரம். வெந்த நிறம் வந்ததும் கொடுக்கலாம், பயமில்லை. கீழே கையெழுத்து: வேதாசலம், லேப், பஜார் தெரு, திருத்தணி. நாலு பேராவது எருமைத் தண்ணீரிலிருந்து தப்பட்டும்.

4 நவம்பர், சனி

ஐந்து நாளாக அம்சாவுக்கு இளைப்பு இல்லை. மீனால்தான் என்கிறாள். ஐந்து நாளாக மழையும் இல்லை என்றேன். முறைத்தாள்.

20 நவம்பர், திங்கள்

மழை பிடித்துக்கொண்டது, இளைப்பும் திரும்பிவிட்டது. விரால் மகிமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இது தவிர, அம்சாவின் வயிற்றில், தொப்புளுக்கு வலப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம். சிவந்திருக்கிறது, அரிக்கிறதாம். ஏதோ பூச்சிக்கடி. விளக்கெண்ணெய் தடவச் சொன்னேன்.

23 நவம்பர், வியாழன்

வயிற்று வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது இடது தோள்பட்டையில். அதே அகலம், அதே சிவப்பு.

பூச்சி இடம் மாற்றி மாற்றிக் கடிக்குமா?

அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். நூறு வெள்ளணுவில் நாற்பத்தொன்று ஈசனோபில், அலர்ஜிக்கும் புழுவுக்கும் ஏறுகிற அணு. இரண்டாவது முறை எண்ணினேன். நாற்பத்துமூன்று. இளைப்புக்காரர்களுக்குப் பத்து, பதினைந்து வரும். நாற்பது வராது.

27 நவம்பர், திங்கள்

டாக்டர் பரசுராமனிடம் கூட்டிப்போனேன். மருத்துவக் கல்லூரியில் மூன்று முறை தோற்றவர் என்று ஊரில் பேச்சு. எனக்கு மாதத்தில் பாதி வேலை அவர் சீட்டில்தான் வருகிறது, அதனால் இங்கே மட்டும் எழுதுகிறேன். ரிசல்ட்டைப் பார்த்தார். யானைக்கால் புழுவோ என்றார். அலர்ஜியோ என்றார். அரசியல்வாதி மாதிரி எல்லாப் பக்கமும் ஒரு கால் வைத்துவிட்டு, போகிறபோக்கில் கேட்டார்:

"அம்மா பச்சை மீன் ஏதாச்சும் சாப்பிட்டாங்களா வேதாசலம்? உங்க மாமனார் ஊர்ல உயிர் மீன முழுங்கற காட்டுமிராண்டிக் கூட்டம் ஒண்ணு இருக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கம்பவுண்டரும் சிரித்தான்.

"எங்க வீட்லயா? நீங்க வேற டாக்டர்" என்று நானும் சிரித்தேன்.

அம்சா என்னைப் பார்த்தாள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகு கேட்டாள்: "ஏங்க சொல்லல?"

"அது பச்சை மீன் இல்லை. வெந்த மீன்."

தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்குச் சரி.

1 டிசம்பர், வெள்ளி

வீக்கம் கழுத்துக்கு ஏறியிருக்கிறது. தொட்டால் சூடு. உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். மனப்பிரமை என்றேன்.

நாகராஜன் பார்க்க வந்தான். அவன் ஊரில் குஞ்சு விழுங்கிய நூற்றி நாற்பது பேருக்கும் ஒன்றுமில்லையாம். இளைப்பும் போகவில்லை, வீக்கமும் வரவில்லை.

"நீங்க வாங்கின மீனு எந்த ஊரு மீனு பாவா?" என்றான், சாதாரணமாகத்தான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. "உன் ஏரித்தண்ணிய விட ஆயிரம் மடங்கு சுத்தமான மீன்டா! போடா, போய் உன் பெருமாள் கால்ல உழு!" என்று கத்தினேன். எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்சா அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

ஏன் கத்தினேன்?

3 டிசம்பர், ஞாயிறு

விடிந்ததும் போய் கெங்கம்மாளிடம் இரண்டு பெரிய விரால் வாங்கினேன். அம்சாவிடம் சொல்லவில்லை. லேப் கதவைச் சாத்திக்கொண்டு சதையை மெல்லிய சீவலாகச் சீவி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து நசுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் மீனில் ஒன்றுமில்லை. பாரு, என்னவோ பயந்தாயே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது மீன். முதுகுச் சதையில் கடுகு அளவு ஒரு உருண்டை. ஊசியால் கீறினேன். உள்ளே சுருண்டிருந்தது நீண்டது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தலை ஒரு குமிழ். குமிழைச் சுற்றி வரிசை வரிசையாக முள்.

புழுக்குஞ்சு. நகர்கிறது.

அலமாரியில் இருக்கும் பழைய புழுப் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தில், "பச்சை மீனால் வரும், தோலுக்கடியில் அலையும் வீக்கம்" என்று அச்சிட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் என் கையெழுத்து: 'நம் பக்கம் இல்லை.' எப்போது எழுதினேன்? யார் என்னைக் கேட்டார்கள்?

சின்ன டம்ளரில் அதே அளவு எலுமிச்சம்பழச் சாறு, அதே உப்பு. புழுவை உள்ளே விட்டேன்.

10.15. அசைகிறது.

10.45. அசைகிறது.

11.15. ஒரு மணி நேரம். அம்சாவுக்கு நான் கடிகாரம் பார்த்துக் கொடுத்த நேரம். அசைகிறது.

2.00. அசைகிறது.

5.30. அசைகிறது.

4 டிசம்பர், திங்கள்

காலை 8. அசைகிறது.

டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? காட்டுமிராண்டிக் கூட்டம் என் வீட்டில்தான் குடியிருக்கிறது என்றா? அந்தக் கம்பவுண்டர் பஜார் முழுக்கத் தண்டோரா போடுவான். லேப்காரன் பெண்டாட்டிக்குப் புழு ஊட்டினான்!

ஒரு நாள் பார்க்கலாம். சில சமயம் தானாகவே செத்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

5 டிசம்பர், செவ்வாய்

காலை 8. இன்னும் அசைகிறது. சனியனே, சாகமாட்டாயா?

அம்சாவின் வீக்கம் கன்னத்தில். கண்ணாடி பார்த்து, "அம்மைக்கட்டு வந்த மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தாள்.

நாளைக்குச் சொல்கிறேன்.

6 டிசம்பர், புதன்

காலையில் அம்சாவின் இடது கண் திறக்கவில்லை. இமை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி— எனக்கு வேறு உவமையே கிடைக்கவில்லையா?

ஓடினேன். செருப்பு போடாமல் ஓடினேன். பரசுராமன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை அவர் முன்னால் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு துண்டு, ஒரு மணி நேரம், உப்பு எவ்வளவு, எல்லாம். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நான் கேட்டு ஒன்பது நாள் ஆவுது வேதாசலம்."

"ஆமா டாக்டர்."

"தோள்ல இருக்கும்போதே சொல்லியிருந்தா கீறி எடுத்துப் பாத்திருக்கலாம். கெடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா பாத்திருக்கலாம். இப்ப மெட்ராஸ் போங்க. இன்னிக்கே."

மூன்று முறை தோற்றவராம். ஈசனோபில் எண்ணத் தெரிந்த நான் மறைத்ததை, அவர் போகிறபோக்கில் கேட்டுவிட்டார்.

7 டிசம்பர், வியாழன். மெட்ராஸ்

நேற்று மதியப் பாசஞ்சரில் வந்தோம். அரக்கோணம் தாண்டியதும் அம்சாவிடம் சொன்னேன். சன்னல் பக்கம் உட்கார்ந்து, நல்ல கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். வண்டி திருவள்ளூரில் நின்றது. அப்புறம், "அது இப்ப எங்க இருக்குது?" என்றாள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றேன். "அப்ப பிரமை இல்ல" என்றாள்.

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். விளக்கை வைத்துப் பார்த்தவள், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இமையைத் தாண்டிக் கண்ணுக்கு உள்ளேயே போய்விட்டது.

9 டிசம்பர், சனி

ஆபரேஷன்.

12 டிசம்பர், செவ்வாய்

எடுத்துவிட்டார்கள். மூன்று மில்லிமீட்டர். சீசாவில் போட்டுக் காட்டினார்கள். அதே குமிழ்த் தலை, அதே முள் வரிசை. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் அபூர்வமாம். எப்படி வந்தது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது கூட்டத்தில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும்.

கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். டாக்டர் பெண் கையை ஆட்டினாள். "ஏதோ ஆடுது" என்றாள் அம்சா. எத்தனை விரல் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். இனிமேலும் அவ்வளவுதானாம்.

அவர்கள் போன பிறகு, "உங்கள ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேள்."

"அவ்ளோ சுத்தம்னீங்களே. நீங்க ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்கலியே, ஏன்?"

பதிலை இங்கே எழுதுகிறேன், பொய் சொல்ல இங்கே யாரும் இல்லை. அருவருப்பு. அது நம்புகிறவர்கள் தின்கிற பொருள் என்று நினைத்தேன். வேடியப்பன் தின்பான், நாகராஜன் தின்பான், அம்சா தின்பாள். பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர்கள் பக்கத்தில்தான் இருபது வருடமாக அவளையும் உட்கார்த்தி வைத்திருந்தேன். ஐயோ, அம்சா.

21 ஜனவரி 1979, ஞாயிறு

அம்மையார்குப்பம் போய்வந்தோம். நாகராஜனிடம் நானே சொல்ல வேண்டும் என்பது அம்சாவின் கட்டளை. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

தறியை நிறுத்திவிட்டு வந்தான். சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவன் அக்காவின் முகத்தைக் கையால் தாங்கி, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியைத் திறந்து, நான் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான். நல்லவேளை, அதோடு முடிந்தது.

பெருமாளும் ஊரில் இருந்தார். பொங்கலுக்கு வந்தவர். எழுபது வயது, பல் இல்லை, நான் நினைத்த மாதிரி ஜடாமுடியும் இல்லை. ஏன் எப்போதும் சின்னக் குஞ்சாகவே கொடுக்கிறீர்கள், பெரிய மீனின் புழு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"புழுவா? அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும் சாமி. பெருசு தொண்டையில எறங்காது. அதான் சின்னது."

அவ்வளவுதான்! பெரிய மீன் பல வருடம் வாழ்ந்து, சின்ன மீனையும் தவளையையும் தின்று, அவற்றின் புழுவையெல்லாம் தன் சதையில் சேர்த்துவைக்கும். நேற்றுப் பொரிந்த குஞ்சுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? இது அந்தக் கிழவருக்குத் தெரியாது. மருந்தும் ஒருத்தருடைய இளைப்பையும் தொடவில்லை. அறியாமையில் நானும் அவரும் சமம். அவருடைய அறியாமை சின்ன மீனை எடுத்தது, என்னுடையது பெரிய மீனை எடுத்தது.

14 மார்ச் 1979, புதன்

காலையில் பெஞ்சில் ஏழு பேர். கடைசி ஆளாக வேடியப்பன் வந்தான். ஆர்.கே.பேட்டைத் தறிக்காரன், அதே கால், அதே வெடிப்பு. டாக்டர் பரசுராமனின் சீட்டில், ரத்தம் பார்க்கவும் என்று இருந்தது. விரலில் குத்தினேன். ஈசனோபில் முப்பத்தாறு.

"சட்டையக் கழட்டு" என்றேன். வலது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த வீக்கம். போன வாரம் முதுகில் இருந்ததாம்.

"பச்சை மீன் சாப்பிட்டியா?"

"இல்லீங்க. அதெல்லாம் தொடறதே இல்லீங்க."

குனிந்துகொண்டான், அன்றைக்குக் குனிந்த மாதிரியே. பெஞ்சில் இரண்டு பேர் இப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். நான் என்ன சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும், பதினெட்டு வருடமாகக் கேட்டவர்கள்.

வீட்டுக்கும் லேப்புக்கும் நடுவே இருக்கும் கதவருகே அம்சா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தினாள்.

அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். "வேடியப்பா, எங்க வீட்ல நான் குடுத்தேன். ஆந்திரா விரால், எலுமிச்சம்பழச் சாத்துல ஊறவச்சி. என் கையாலதான் குடுத்தேன். டாக்டர் கேட்டப்ப இல்லன்னு பொய்யும் சொன்னேன். அவங்களுக்கு ஒரு கண்ணு போயிடுச்சி. தோ, அங்க ஒக்காந்திருக்காங்க பாரு. உனக்கு வெலாவுலதான் இருக்குது, நேரம் இருக்குது. சொல்லு."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. அவன் அம்சாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சாப்பிட்டேங்க. தை மாசம், இளைப்புக்கு. நீங்க சொன்ன மொறைதாங்க."

"நான் எங்க உனக்குச் சொன்னேன்?"

"பேட்டையில டீக்கடையில ஒட்டியிருக்குதுங்க. யாரோ பாத்து எழுதினது. கீழ உங்க பேரு போட்டிருந்துச்சி, அதான் பயமில்லன்னு..."

நாகராஜன் கிழித்துப் போட்டது ஒரு சீட்டைத்தான்.

அவனை டாக்டரிடம் அழைத்துப் போக எழுந்தேன். அங்கிருந்து நேராக ஆர்.கே.பேட்டை பஸ். செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டேன்: "உன்னோட இன்னும் யார் யார் சாப்பிட்டாங்க?"

அவன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனான்.